முன்பின் அறியாதவருக்கு எழுதும் விற்பனை மின்னஞ்சலுக்கு ஏன் பதில் வருவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதை எனது சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் ஆறு அறைகள் கொண்ட விடுதி ஒன்றும், புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றிச் செல்லும் இரண்டு படகுகளும் உங்களுக்கு இருக்கின்றன. சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, இணையத்தில் தேடியெடுத்த இருநூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியச் சுற்றுலா நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினீர்கள். ஐந்து பதில்கள் வந்தன. நான்கு தானாக வரும் பதில்கள்; ஐந்தாவது, "இந்த ஆண்டுக்கு முடிந்துவிட்டது, ஒக்டோபரில் எழுதுங்கள்" என்ற ஒற்றை வரி. உங்கள் ஆங்கிலம்தான் குறையோ என்ற ஐயத்தில் நல்லதொரு மாதிரிக் கடிதம் கேட்கிறீர்கள். மாதிரி ஒன்றைக் கீழே எழுதிக் காட்டுகிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: நம்மை யாரென்றே தெரியாத ஒருவர், வேலை நெருக்கடிக்கு நடுவில், நமக்கு ஏன் பதில் எழுத வேண்டும்? முதலில் அதற்கு விடை தேடுவோம்.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் கொழும்பில் தும்பு ஏற்றுமதி செய்யும் கொம்பனி ஒன்றில் வெளிநாட்டு வாங்குநர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். பின்னர் ஊருக்குத் திரும்பி, உப்புவெளியில் ஒரு ஹொட்டலின் கொள்வனவுப் பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். முதல் வேலையில் நான் எழுதினேன். இரண்டாவது வேலையில் மற்றவர்கள் எனக்கு எழுதினார்கள். விற்பனைக் கடிதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த இரண்டாவது நாற்காலியில் அமர்ந்த பிறகு தெரிந்ததுதான். காலையில் தேநீர் ஒரு கையில் இருக்க, மற்றக் கையின் பெருவிரலால் தொலைபேசியில் மின்னஞ்சல்களைத் தள்ளிக்கொண்டு போவேன். அந்த நேரத்தில் என் கண்ணில் படுபவை அனுப்பியவரின் பெயர், விடயத் தலைப்பு, முதல் வரியின் பாதி, இவ்வளவுதான். "எமது நிறுவனம் 20 வருட அனுபவம் கொண்ட முன்னணி" என்று தொடங்கும் எதையும் நான் திறந்ததாக நினைவில்லை. அந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்று ஆராய்ந்து நான் ஒதுக்கவில்லை. திறந்தால் விலைப்பட்டியலைப் படிக்க வேண்டும், படித்தால் சமையற்காரரிடம் கேட்க வேண்டும், கேட்டால் யாருக்காவது விளக்கம் சொல்ல வேண்டும். அந்த வேலையெல்லாம் அந்தப் பாதி வரியிலேயே தெரிந்துவிடும்.

நான் ஒரு நிமிடத்துக்குள் பதில் எழுதிய கடிதமும் ஒன்று உண்டு. கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன. சாரம் இதுதான்: "போன ஞாயிறு உங்கள் ஹொட்டலில் ஒரு கலியாணத்துக்கு வந்தேன். தயிர் பிளாஸ்டிக் கோப்பையில் வைத்திருந்தீர்கள். நாங்கள் எருமைத் தயிரை மண்சட்டியில் உறைய வைக்கிறோம். வியாழக்கிழமை காலை இரண்டு சட்டி உங்கள் சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போகட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் எழுதுங்கள்." நான் "வையுங்கள்" என்று எழுதினேன். அவர் எங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எங்களிடம் இருந்த ஒரு குறையைப் புண்படுத்தாமல் சுட்டியிருக்கிறார். என்னிடம் கேட்டது ஒரு சொல். எனக்கு அதனால் எந்தச் செலவும் இல்லை, மறுப்பதற்கும் வழி திறந்து வைத்திருந்தார். நான் சொல்ல வருவது முழுவதும் இந்தத் தயிர்க்காரரின் கடிதத்துக்குள் இருக்கிறது. பெறுபவர் முதலில் எடைபோடுவது உங்கள் படகை அல்ல. உங்களுக்குப் பதில் எழுதினால் தன் தலையில் எவ்வளவு வேலை விழும் என்பதைத்தான்.

இனி உங்கள் இருநூறு முகவரிகளுக்கு வருகிறேன். என் கணிப்பில் உங்கள் குறை ஆங்கிலத்தில் இல்லை, இந்தப் பட்டியலில் இருக்கிறது. முழுச் சுற்றுலாவை ஒரே விலைக்கு விற்கும் ஐரோப்பிய நிறுவனங்கள், இலங்கையில் ஒவ்வொரு விடுதியோடும் படகோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்வது குறைவு. வாகனம், வழிகாட்டி, அறை, உணவு எல்லாவற்றையும் கொழும்பிலுள்ள ஒரு முகவர் நிறுவனம் பொறுப்பேற்று ஒரே விலைச்சிட்டையாகக் கொடுக்கும். பணமும் அங்கேதான் போகும். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 இலக்கப் பணிப்புரை 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, தொகுப்புச் சுற்றுலாவை ஒழுங்கமைத்து விற்பவரே அதிலுள்ள ஒவ்வொரு சேவைக்கும், அதை வேறொருவர் செய்து கொடுத்தாலும், பயணிக்குப் பொறுப்பாளி. பிரித்தானியாவிலும் அதே ஆண்டில் இதையொத்த ஒழுங்குவிதிகள் வந்தன. ஆகவே வியன்னாவில் இருக்கும் ஒரு முகாமையாளருக்கு நிலாவெளியின் நீலக் கடலைக் காட்டும் பதினான்கு புகைப்படங்களை நீங்கள் அனுப்பும்போது, அவர் மனதில் எழுவது "படகில் ஏதாவது நடந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்" என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் உயிர்காப்பு அங்கி பற்றியோ காப்புறுதி பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. அறைகளின் சுவர் நிறம்வரை இருக்கிறது.

இருநூறை முப்பதாகக் குறையுங்கள். அந்த முப்பதில் இருபது கொழும்பு முகவர் நிறுவனங்களாக இருக்கட்டும். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்ற நிறுவனங்களிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொன்றின் இணையத்தளத்திலும் அவர்கள் விற்கும் பயணத்திட்டங்கள் நாள்வாரியாக இருக்கும்; உட்கார்ந்து படியுங்கள். சீகிரியாவையும் ஹபரணையையும் காட்டிவிட்டுக் கண்டிக்குத் திரும்புகிறவர்கள் யார், ஏ6 வீதியால் திருகோணமலைக்கு வருகிறவர்கள் யார், வந்தபின் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர் ஊற்றுகளையும் காட்டிவிட்டு மிகுதிப் பகலை வெறுமையாக விடுகிறவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். ஏற்கெனவே ஆட்களை இங்கே கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய ஒரு பகல் காலியாகக் கிடக்கிறது. மிகுதிப் பத்து இடங்களுக்குச் சுழியோடுபவர்களையும் கடலுயிர் பார்ப்பவர்களையும் மட்டும் அழைத்துவரும் சிறிய வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடுங்கள். அவற்றில் உரிமையாளரே மின்னஞ்சலைப் படிப்பார். ஒருவருக்கு அரை மணித்தியாலம் என்று வைத்தாலும் முப்பது பேருக்குப் பதினைந்து மணித்தியாலம். கடிதம் எழுதுவதைவிட இதுதான் பெரிய வேலை. இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, நானும் சேர்த்துத்தான்.

நீங்கள் எழுதிய காலமும் பிழையாகிவிட்டது. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை நமது கடல் அமைதியாக இருக்கும் என்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பருவத்துக்கான பயணங்களை சித்திரையில் யாரும் வடிவமைப்பதில்லை, விற்று முடித்திருப்பார்கள். லண்டனின் உலகப் பயணச் சந்தை நவம்பரில் கூடுகிறது, பேர்லினின் ஐ.டி.பி. கண்காட்சி மார்ச்சில் நடக்கிறது. அங்கே போகும் கொழும்பு நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான விலைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் போகும். எனவே ஆவணி, புரட்டாசியில் அவர்கள் மேசைக்கு வரும் கடிதத்துக்குச் சித்திரையில் வருவதைவிட நல்ல வாய்ப்பு உண்டு என்பது என் அனுபவம். எந்த நிறுவனம் எந்த வாரத்தில் விலையை முடிக்கும் என்பது அவரவர் வழக்கம். அதைத் தொலைபேசியில் கேட்டே அறியலாம்.

இப்போது கடிதம். ஒரு கொழும்பு நிறுவனத்தின் ஒன்பது நாள் திட்டத்தைப் படித்துவிட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் இதை எளிய ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். விடயம்: "ஏழாம் நாள், திருகோணமலை: ஒரு காலைப் படகு." உள்ளே: "வணக்கம். உங்கள் ஒன்பது நாள் கோடைப் பயணத்தில் ஏழாம் நாள் திருகோணமலையில் பகல் முழுவதும் ஓய்வு என்று போட்டிருக்கிறீர்கள். நான் நிலாவெளியில் இரண்டு படகுகள் வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு உங்கள் பயணிகளை ஏற்றிப் புறாத்தீவுக்குக் கூட்டிச் சென்று, பத்தரை மணிக்குக் கரையில் விடுவேன்; அதன் பிறகும் ஓய்வுக்குப் பகல் இருக்கும். படகு ஒன்றுக்கு எட்டுப் பேர், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, பயணிகளுக்குக் காப்புறுதி. அடுத்த கோடைக்கான விலைகளை இப்போது பார்க்கிறீர்களா, ஒக்டோபரில் எழுதட்டுமா?" கீழே உங்கள் பெயர், நிலாவெளி முகவரி, வட்ஸ்அப் இலக்கம். அவ்வளவுதான். பெறுபவரின் பெயர் தெரிந்தால் வணக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதி உண்மையில் இல்லாவிட்டால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். முதலில் காப்புறுதியை எடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அந்தக் கடிதத்தின் முதல் வாக்கியம் உங்களைப் பற்றியது அல்ல, அவர்களுடைய ஏழாம் நாளைப் பற்றியது. அதை வேறு எவருக்கும் அனுப்ப முடியாது என்பதைப் படிப்பவர் உடனே உணர்வார். இரண்டாவது, விடுதியின் ஆறு அறைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உங்களுக்கு அது மனக்கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் கடன் எடுத்துக் கட்டியது அறைகளைத்தான். ஆனால் அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே ஒரு ஹொட்டலோடு ஒப்பந்தம் இருக்கும். அதை மாற்றச் சொல்வது பெரிய வேலை, ஒரு காலைப் படகைச் சேர்ப்பது சிறிய வேலை. படகு இரண்டு பருவம் ஒழுங்காக ஓடினால் அறைகளைப் பற்றி அவர்களே கேட்பார்கள். மூன்றாவது, கடைசிக் கேள்விக்கு "இப்போது" அல்லது "ஒக்டோபர்" என்ற ஒரு சொல்லில் பதில் எழுதலாம், நடந்துகொண்டே எழுதலாம். "தங்கள் மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்" என்று முடித்தால் அதற்கு எவராலும் பதில் எழுத முடியாது, அது கேள்வியே அல்ல. இணைப்புகள் எதுவும் வேண்டாம். விலைப்பட்டியலைக் கேட்டபின் அனுப்புங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். இலக்கணப் பிழையை மன்னிப்பார்கள், பெயர்ப் பிழையை மன்னிக்க மாட்டார்கள். நான் கொழும்பில் இருந்த காலத்தில், ஹம்பேர்க் நிறுவனம் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தை அப்படியே எடுத்து, ரொட்டர்டாமில் இருந்த ஒருவருக்கு அனுப்பினேன். நடுப் பந்தியில் பழைய நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அந்த மாதம் எனக்கு வந்த ஒரே பதில் அவருடையதுதான்: "இந்தக் கடிதம் எனக்கு எழுதியதல்ல என்று நினைக்கிறேன்." பிறகு அவரிடம் எதையும் விற்க முடியவில்லை. இப்போது பலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்லிக் கடிதம் எழுதுவிக்கிறார்கள். எழுத்துப் பிழை பார்க்க அது நல்ல உதவி. ஆனால் ஏழாம் நாள் காலியாக இருப்பதை நீங்கள் பார்த்துச் சொல்லாவிட்டால் அது மறுபடியும் "முன்னணி நிறுவனம்" என்றுதான் தொடங்கும்.

கடிதம் போய்ச் சேர்கிறதா என்பது தனிக் கதை. நீங்கள் இலவச ஜீமெயில் கணக்கிலிருந்து, எல்லா முகவரிகளையும் மறைநகலில் போட்டு, ஒன்பது மெகாபைட் இணைப்போடு ஒரே மூச்சில் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் எத்தனை குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் என்று எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது. நிறையப் போயிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. அனுப்புபவர் எவராயினும் தன் டொமைனுக்கு, அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயருக்கு, கடிதம் உண்மையில் அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். என்ற சான்றுகளில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஜீமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டும் வேண்டும், அவை தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். "இது குப்பை" என்று பெறுபவர்கள் முறையிடும் விகிதம் 0.3 வீதத்தைத் தொடக்கூடாது என்பதும் அவர்கள் வகுத்த எல்லை. உங்களுக்கு 5,000 என்பது பொருந்தாது. ஆனாலும் விடுதியின் பெயரில் சொந்த டொமைன் வாங்கி, அதை விற்பவரிடமே இந்த மூன்றையும் அமைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு உங்கள் நண்பரின் ஜீமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, அங்கே "மூலத்தைக் காட்டு" என்பதை அழுத்தினால், மூன்றும் தேறினவா என்று மேலேயே எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து கடிதங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அனுப்புங்கள்.

கடிதம் திறக்கப்பட்டதா என்று காட்டும் கருவிகளை நம்பி மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடிதத்துக்குள் வைத்த ஒரு படம் இறங்குவதை வைத்தே அவை கணக்கிடுகின்றன. 2021 செப்டெம்பரில் அப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு வசதி, கடிதத்திலுள்ள படங்களை ஆள் பார்க்கும் முன்பே தானாக இறக்கிவிடுவதால், திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிதான் நல்ல நேரம், நூறு கடிதத்துக்கு இத்தனை பதில் வரவேண்டும் என்பன போன்ற எண்களையும் நான் நம்புவதில்லை. அவற்றைப் பெரும்பாலும் வெளியிடுபவர்கள் அந்தக் கருவிகளை விற்பவர்களே. கொழும்புக்கு எழுதும்போது போயா விடுமுறையையும் வெள்ளி பிற்பகலையும் தவிர்த்தால் போதும். லண்டனுக்கு எழுதினால் கோடையில் அவர்கள் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் இருப்பதை நினைவில் வையுங்கள்.

பதில் வராவிட்டால் மறுபடி எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். எழுதலாம். ஒரு வாரம் கழித்து, அதே மின்னஞ்சலின் தொடராக, இரண்டே வரியில், புதிதாக ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: "புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு தனியாக வரும், விலையில் அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாகத் தரமுடியும்." இப்படி எழுதினால் அது நச்சரிப்பாகத் தெரியாது, முகவர் எப்படியும் கேட்கப்போகிற கேள்விக்கு முன்கூட்டியே சொன்ன விடை அது. எனக்கு வந்த பதில்களில் கணிசமானவை இந்த இரண்டாவது கடிதத்துக்குத்தான் வந்தன. மூன்றாவதாக ஒன்று, இன்னும் இரண்டு வாரம் கழித்து. அதோடு நிறுத்திவிடுங்கள். முப்பது பேரில் ஒருவரும் எழுதவில்லை என்றால் வாசகங்களைத் திருத்திக்கொண்டிராமல் பட்டியலை மாற்றுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நான் சட்டத்தரணி அல்ல. கேளாமல் அனுப்பும் விற்பனை மின்னஞ்சலை அமெரிக்கா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதிக்கிறது. ஆனால் தலைப்பு ஏமாற்றக்கூடாது, தபால் முகவரி இருக்க வேண்டும், இனி வேண்டாம் என்றால் பத்து வேலைநாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஜேர்மனி அப்படியல்ல: அங்கே நிறுவனங்களுக்கு அனுப்புவதற்கும் முன்கூட்டிய வெளிப்படையான சம்மதம் வேண்டும். உங்கள் இருநூறில் பாதி ஜேர்மன் நிறுவனங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களைக் கொழும்பு முகவர் வழியாக அணுகுவதே பாதுகாப்பானது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேளாமல் அனுப்பும் செய்திகளைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே எவராவது "வேண்டாம்" என்றால் அன்றே பெயரை வெட்டிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் தோல்வியாக எண்ணி ஒதுக்கிய அந்த ஐந்தாவது பதில். ஒரு மனிதர் உங்கள் கடிதத்தைப் படித்து, உட்கார்ந்து, எப்போது எழுத வேண்டும் என்று மாதத்தையும் சொல்லியிருக்கிறார். அவர் சுழியோடிகளை அழைத்துவரும் சிறிய நிறுவனம் நடத்துபவர் என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். இப்போது ஆவணி பிறந்துவிட்டது. ஒக்டோபர் முதல் வாரத்தில், புதிய கடிதமாக எழுதாமல், அவர் அனுப்பிய அந்த வரிக்கே பதிலாக எழுதுங்கள்: "ஒக்டோபரில் எழுதச் சொன்னீர்கள். உங்கள் சுழியோடிகளில் ஒரு குழுவுக்குப் பெரும்பாலும் எத்தனை பேர் வருவார்கள்?" அவர் ஓர் எண்ணை எழுதி அனுப்பினால், விலையை அன்றிரவே அனுப்புங்கள், படகு, நுழைவுச்சீட்டு, அங்கி, வழிகாட்டி எது சேரும் எது சேராது என்பதோடு, ஒரே பக்கத்தில்.